ஒலி அடக்கம்

தென்காசி வட்டாரக் கட்டற்ற கணிமைப் பேரவையின் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது என்று சொல்லித் தொடங்குவதுதான் நாகரிகம். ஆனால் எனக்கு விரோதம் உண்டு. நன்றாகவே உண்டு. அதனால் நாகரிகத்தை ஓரமாக வைத்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் பெயர் ஆவுடைத்தாய். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் எங்களுக்கு ஒரு சின்ன ஹால் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சங்கிலிப்பாண்டி ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்ததும் கட்டியது. காதுகுத்து, வளைகாப்பு, சீசனுக்கு அருவியில் குளிக்க வரும் கம்பெனிக்காரர்கள் பேருக்கு நடத்தும் கூட்டம் என்று வண்டி ஓடுகிறது. மேலே தகரக் கூரை. சாரல் என்றால் பரவாயில்லை, மழை வலுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அதனால் மைக்செட்டைச் சொந்தமாகவே வாங்கிப் போட்டிருக்கிறோம். வாசல் போர்டில் பெரிதாக எழுதியும் வைத்திருக்கிறோம்: "மின்சாரம், தண்ணீர், ஒலி அடக்கம்." இத்தனை வருஷத்தில் அதைப் படித்துவிட்டு யாரும் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டதில்லை.

எங்கள் மகள் மஞ்சு பி.காம். முடித்தவள். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று, வீட்டில் இருந்தபடியே வாடிக்கையாளர்களிடம் பேசுகிற வேலைக்கு ஆள் எடுத்தது. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். கடைசியாக இன்டர்வியூ மட்டும் பாக்கி. அதையும் லேப்டாப்பில்தான் எடுக்க வேண்டும், போனில் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மஞ்சுவுக்குக் குரல்தான் சொத்து. எங்கள் ஹாலில் நடக்கிற விசேஷங்களில் "அனைவரும் வருக" என்று அவள் ஒரு தடவை சொன்னால், வெளியே பைக்கில் போகிறவன்கூட வண்டியை ஓரம் கட்டுவான். பெற்றவள் பேச்சு என்று நினைக்க வேண்டாம், இப்படி எனக்குத் தெரிந்தே சிலர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

லேப்டாப்தான் பழையது. அதில் இருந்த இயங்குதளத்தை இனிமேல் கவனிக்க மாட்டோம் என்று அதைச் செய்த கம்பெனியே கைகழுவிவிட்டது. புது லேப்டாப் வாங்குகிற நிலையில் நாங்கள் இல்லை. அப்போதுதான் தென்காசியில் பேரவை நடத்தும் "நிறுவல் பெருவிழா"வின் நோட்டீஸ் கைக்கு வந்தது. பழைய கணினிக்குப் புது உயிர், எவர் வேண்டுமானாலும் வரலாம் என்று போட்டிருந்தது.

போனோம். குத்துவிளக்கு ஏற்றினார்கள். பேரவைத் தலைவர் லிங்கேஸ்வரன் பேச எழுந்தார். வெளியூர்க் கம்பெனிக்குத் தென்காசியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர். சாதாரணப் பேச்சிலும் முற்றுப்புள்ளி கேட்கும்.

"நண்பர்களே! இலவசம் வேறு. விடுதலை வேறு. நாம் தருவது இலவசம் அன்று, விடுதலை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே மானுடத்தின் பெருந்துயர்." அரை மணி நேரம் இதையே பேசினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், தமிழ்ல ரெண்டும் வேற வேற வார்த்தைதான? இத யாரு குழப்புதா?" என்று கேட்டுவிட்டேன்.

தலைவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்கு மேலே இருந்த மின்விசிறியைப் பார்த்தார். செயலாளர் நம்பிராஜன் குனிந்து வந்து என் காதில் சொன்னான்: "அக்கா, இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் 'ஃப்ரீ'ன்னு ஒரே வார்த்தை. அந்தக் குழப்பத்த மொதல்ல தமிழுக்குக் கொண்டாந்துட்டு, பொறவு தீத்துவைக்கோம்."

அடுத்தது உறுதிமொழி. லேப்டாப் மேல் கை வைத்து, "இதுவரை பயன்படுத்திய அடைபட்ட மென்பொருளை மனமாரத் துறக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். எங்களுக்கு முன்னால் நின்ற இலத்தூர்க்காரர், பிரிண்டர் மட்டும் பழையபடி ஓடுமா என்று கேட்டார். அவரை வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்கள் வாயைத் திறக்காமல் துறந்தோம். லேப்டாப்பில் இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு, பேரவையே தயாரித்த "சாரல்" என்ற இயங்குதளத்தை ஏற்றினார்கள். அதில் இருந்த ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் தலைவர் தாமே ஆக்கியது என்று நம்பிராஜன் பெருமையாகச் சொன்னான். அச்சிட்ட அகராதியும் உண்டு. ஒன்றை எங்கள் கையில் திணித்தான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். லேப்டாப் பறந்தது. சத்தம் கேட்டது, மைக் பிடித்தது, நாங்களும் அவர்களை வாயார வாழ்த்தினோம்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் காலையில் மஞ்சு எல்லாவற்றையும் ஒரு தடவை சரிபார்த்தாள்.

"எம்மா, செட்டிங்ஸ்ல ஒலி அடக்கம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல டிக் இல்ல."

"இல்லையா? போட்டுருட்டி. நம்ம போர்டுல உள்ளதுதான" என்றேன்.

போட்டாள். அந்த நிமிஷத்திலிருந்து லேப்டாப் ஊமையாகிவிட்டது; அதில் வருகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது, நாங்கள் பேசுவது மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. டிக் போட்டதுதான் காரணம் என்று எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை. எப்படி எட்டும்? சாப்பாடு அடக்கம் என்று போட்டிருந்தால் இலையை எடுத்துவிடுவார்கள் என்று யாராவது நினைப்பார்களா?

மஞ்சு பேரவையின் இணைய மன்றத்தில் எழுதினாள்: "நாளை இன்டர்வியூ. மைக் வேலை செய்யவில்லை. உதவுங்கள்."

உடனே பதில் வந்தது. ஆகா என்று மகிழ்ந்துபோனோம். "மைக் என்பது தமிழ் அன்று. ஒலிவாங்கி என்று திருத்திக் கேட்கவும்." திருத்தினாள். "இன்டர்வியூ?" என்று இன்னொருவர். அதையும் நேர்காணல் ஆக்கினாள். "வேலை செய்யவில்லை என்பது பொத்தாம்பொதுவானது. என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நிகழ்ந்தது?" என்று மூன்றாமவர். "பேசினால் கேட்கும் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை" என்று எழுதினாள். "நன்று" என்று பதில் வந்தது. அதோடு அவரைக் காணவில்லை.

அதன் பிறகு மன்றம் சூடு பிடித்தது. ஒலிவாங்கியா ஒலிபெறுவியா என்று ஒரு சண்டை கிளம்பியது. வாங்குவது என்றால் வணிகம் தொனிக்கிறது, ஆகவே பெறுவியே விடுதலைக்கு உகந்தது என்று ஆலங்குளத்து உறுப்பினர் ஒருவர் வாதாடினார். பழைய ஒலி நிரலைப் பயன்படுத்துவது அறமா, புதியதைப் பயன்படுத்துவது அறமா என்று பக்கத்திலேயே இன்னொரு சண்டை. நடு நடுவே மஞ்சுவிடம் கறுப்புத் திரையில் என்னென்னவோ தட்டச் சொன்னார்கள். அவளும் தட்டினாள். வந்ததை எல்லாம் அப்படியே ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினாள். மிக நீளமாக ஒட்டுவது மன்ற விதிக்குப் புறம்பு என்று கண்டித்தார்கள்.

கடைசியில் தலைவரே வந்தார். "இவ்வினாவைச் சுரண்டையைச் சேர்ந்த பயனர் முன்பே கேட்டுள்ளார். தேடிப் பாராமல் கேட்பது சோம்பல். தீர்ந்தது" என்று எழுதி, அதன் கீழே யாரும் எதுவும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டார். சுரண்டைக்காரர் கேட்டதைத் தேடிப் போய்ப் பார்த்தோம். எங்கள் கேள்வியேதான். அதன் அடியில் அவரே எழுதிய கடைசி வரி: "சரியாகிவிட்டது. நன்றி." எப்படிச் சரியாயிற்று என்று அந்த மனிதர் எழுதவே இல்லை. அவர் எங்கிருந்தாலும் அவருக்கும் என் சாபம் உண்டு.

சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பேரவை அலுவலகத்துக்கே போனேன். தலைவர் இருந்தார்.

"அமருங்கள், பயனரே" என்றார். என் பெயரை அவர் கேட்கவில்லை.

"சார், நாளைக்குக் காலையில எம்பிள்ளைக்கு இன்டர்வியூ. அவ பேசுதது வெளிய கேக்க மாட்டேங்கு. இத ஒரு நிமிஷம் பாருங்க."

"பார்க்கலாம். ஆனால் பார்த்துக் கொடுத்துவிட்டால் நீங்கள் எங்களைச் சார்ந்துவிடுவீர்கள். சார்பு என்பது அடிமைத்தனம். உங்களை அடிமையாக்க எனக்கு உரிமையில்லை."

"பரவால்ல சார், ஒரு நாளைக்கு அடிமையா இருந்துட்டுப் போறோம். நாளைக்கு மத்தியானத்துக்கு மேல விடுதலையாயிக்கிடுதோம்."

அவர் சிரிக்கவில்லை. "மூலநிரல் திறந்தே இருக்கிறது, அம்மையாரே. உலகில் எவரும் படிக்கலாம், எவரும் திருத்தலாம். நீங்களும் திருத்தலாம். உங்களைத் தடுப்பார் யாருமில்லை. இதைவிடப் பெரிய உதவியை எந்த நிறுவனம் செய்யும்?" என்று கேட்டுவிட்டு, லேப்டாப்பைத் திறந்தும் பார்க்காமல் என் பக்கமே தள்ளிவிட்டார்.

தெரிந்தவர்கள் நாலு பேரிடம் லேப்டாப் இரவல் கேட்டோம். கிடைக்கவில்லை. மறுநாள் மஞ்சு நல்ல சுடிதார் போட்டு, நெற்றியில் திருநீறு வைத்து, திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். நானும் அவள் அப்பாவும் கதவோரம் நின்றோம். அந்தப் பக்கம் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வந்தார்கள். மஞ்சு வணக்கம் சொன்னாள். அவர்கள் காதில் கை வைத்துக் காட்டினார்கள். அவள் மறுபடியும் சொன்னாள், சத்தமாகச் சொன்னாள், கடைசியில் கத்தினாள். எனக்குக் கேட்டது, தெருவுக்கும் கேட்டது, கோயம்புத்தூருக்கு மட்டும் கேட்கவில்லை. அவள் எழுதிக் காட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள்: "உங்க குரல் வரலை. இது குரலுக்கான வேலை. நேரமாயிட்டுது, நாங்க அடுத்தவங்களைப் பாத்துக்கறோம்."

திரை அணைந்த பிறகும் மஞ்சு பேசிக்கொண்டே இருந்தாள். தன்னைப் பற்றி மனப்பாடம் செய்து வைத்திருந்ததை முழுசும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அதை நான் மறக்கவே மாட்டேன்.

அன்றைக்கு மத்தியானம் அவளே வெறி பிடித்த மாதிரி லேப்டாப்பைக் குடைந்து, மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றினாள். "ஒலி அடக்கம்" இருந்த இடத்தில் "ம்யூட்" என்று இருந்தது. நாங்கள் டிக் போட்டது அதில்தான். டிக்கை எடுத்தாள், குரல் வந்துவிட்டது.

அப்போதுகூட அவள் மன்றத்தில் புதிதாக, மரியாதையாகத்தான் எழுதினாள். "அடக்கம் என்றால் சேர்ந்தது என்றுதான் மக்கள் புரிந்துகொள்வார்கள். 'ஒலியை நிறுத்து' என்று மாற்றினால் இன்னொருவருக்கு இப்படி நடக்காது." தலைவரின் பதிலை எனக்கு மனப்பாடமாகவே தெரியும். "அடக்கம் என்பது அடக்குதல். அகராதியில் காண்க. வேறு பொருள் கொள்வது பயனர் பிழை. தாய்மொழியின் நுட்பம் அறியாதோர் முதலில் தமிழ் கற்க. தீர்ந்தது."

சங்கிலிப்பாண்டி படித்துவிட்டு எழுந்து சட்டையை மாட்டினார். நேரில் போய் இரண்டு வைத்துவிட்டு வருகிற யோசனை. நான் பிடித்து உட்காரவைத்தேன். "இருங்க. நமக்கும் ஒரு நேரம் வரும்" என்றேன். வேலை போனது போகட்டும் என்று விட்டிருப்பேன். என் பிள்ளையைத் தமிழ் தெரியாதவள் என்று சொன்னானே, அதை எப்படி விட?

நேரம் அதுவாகவே நடந்து எங்கள் வாசலுக்கு வந்தது. சீசன் தொடங்கின சமயம் நம்பிராஜன் ஹால் கேட்டு வந்தான். பேரவையின் ஆண்டு விழா. அதில் லிங்கேஸ்வரனுக்கு, அகராதி தந்ததற்காக, "சொல்லாக்கச் செம்மல்" பட்டம். பட்டம் கொடுப்பது பேரவைதான். சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறாராம். அவர் தலையசைத்தால் மாவட்டத்தில் இருக்கிற நூலகம் பூராவும் சாரல் ஏறிவிடுமாம்.

"அக்காவ எங்கயோ பாத்த மாதிரி இருக்கு" என்றான் நம்பிராஜன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க" என்றேன்.

அவன் அண்ணாந்து போர்டைப் படித்தான். "மைக்செட்டுக்குத் தனியா சொல்லணுமாக்கா? இல்ல ஒலி அடக்கம்தானா?"

என் உடம்பெல்லாம் குளிர்ந்தது. "என்ன கேட்டீங்க தம்பி? இன்னொரு தடவ சொல்லுங்க."

"ஒலி அடக்கம்தான?"

"ஆமா தம்பி. ஒலி அடக்கம்தான். கவலப்படாமப் போங்க."

விழா அன்று நல்ல கூட்டம். அருவியில் தண்ணீர் அதிகம் என்று குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். அதனால் குளிக்க வந்தவர்களும் ஒதுங்க இடம் தேடி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மஞ்சு வாசலில் பன்னீர் தெளித்தாள். மைக்செட் அறைக்குள் நானும் சங்கிலிப்பாண்டியும் இருந்தோம். தமிழ்த்தாய் வாழ்த்தில் நான் கை வைக்கவில்லை. அவளுக்கும் எனக்கும் ஒரு தகராறும் இல்லை. நம்பிராஜனின் வரவேற்புரையையும் விட்டுக்கொடுத்தேன். பட்டம் சூட்டினார்கள், பொன்னாடை போட்டார்கள், அகராதியில் ஒரு பிரதியை அதிகாரியின் கையில் கொடுத்தார்கள். வெளியே மழை வலுத்துக்கொண்டிருந்தது. லிங்கேஸ்வரன் ஏற்புரைக்கு எழுந்து தொண்டையைச் செருமினார். செருமல் மட்டும் கேட்டது. நான் பொத்தானை இறக்கிவிட்டேன்.

அவர் பேசினார். தகரத்தில் மழைதான் கேட்டது. மைக்கைத் தட்டினார், ஊதினார். பேரவைக்காரர்கள் மேடைக்கு ஓடினார்கள். ஒருவர் வயரை ஆட்டினார். "மைக் போயிட்டு" என்றார் ஒருவர், "ஒலிவாங்கி" என்று திருத்தினார் பக்கத்திலிருந்தவர், "பெறுவி" என்று கீழேயிருந்து ஆலங்குளத்துக் குரல் ஒன்று எழும்பியது. மூன்று பேரும் அங்கேயே நின்று வாதாடத் தொடங்கிவிட்டார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நம்பிராஜன் மூச்சு வாங்க எங்கள் அறைக்கு ஓடி வந்தான். "அக்கா, மைக் வேலை செய்யல!"

"மைக்கா? அப்படின்னா என்ன தம்பி?"

"அதாங்க்கா... ஒலிவாங்கி."

"வேலை செய்யலன்னா பொத்தாம்பொதுவா இருக்கே. என்ன எதிர்பாத்திய, என்ன நடந்துச்சு?"

"சார் பேசுதாரு. கேக்கும்னு எதிர்பாத்தோம். கேக்கல."

"நன்று" என்றேன். அவன் முழித்தான். "இதையே போன முகூர்த்தத்துல சுரண்டைக்காரங்க கேட்டாங்க. அவங்களுக்குச் சரியாயிட்டு. அங்கன போய்க் கேளுங்க."

"எப்படிக்கா சரியாச்சு?"

"அத அவங்க சொல்லல. நன்றின்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாங்க."

அவன் என்னை உற்றுப் பார்த்தான். என்னை எங்கே பார்த்தோம் என்பது அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதற்குள் லிங்கேஸ்வரனே பொன்னாடையோடு படியிறங்கி வந்துவிட்டார்.

"அம்மையாரே, இது என்ன அநாகரிகம்? உங்கள் பலகையில் ஒலி அடக்கம் என்று எழுதியிருக்கிறது!"

"ஆமா சார். அடக்கியாச்சு."

"என்ன?"

"அடக்கம் என்பது அடக்குதல். அகராதியில் காண்க. வேறு பொருள் கொள்வது பயனர் பிழை" என்றேன். ஒரு சொல் மாறாமல் சொன்னேன்.

அவர் முகம் சிவந்தது. முற்றுப்புள்ளி எல்லாம் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. "ஏம்மா, அகராதியத் தூக்கி ஒடப்புல போடும்மா! ஊரு உலகத்துல என்ன அர்த்தமோ அதப் பாப்பியா..."

"மழையில ஒண்ணும் கேக்கல சார். இந்தாங்க, இதுல சொல்லுங்க" என்று வயர் இல்லாத மைக் ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். சங்கிலிப்பாண்டி அதற்குரிய பொத்தானை அழகாக மேலே ஏற்றினார்.

கையில் மைக் வந்தால் நெஞ்சை நிமிர்த்துகிற ரகம் அவர். நிமிர்த்தினார். "அடக்கம்னா சேத்துன்னு அர்த்தம்! வரி அடக்கம்னா வரி கெடையாதுன்னா அர்த்தம்? சாப்பாடு அடக்கம்னா சாப்பாடு போட மாட்டாங்களா? ஒலி அடக்கம்னா ஒலி உண்டுன்னுதான் தமிழ் தெரிஞ்ச எவனும் நெனைப்பான்! வேற மாதிரி எழுதி வச்சிருக்கவன் கூமுட்ட!"

ஹால் முழுக்க முழங்கியது. எங்கள் மைக்செட் அவ்வளவு நல்ல மைக்செட். மேடையில் அதிகாரி அகராதியைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். அப்புறம் புத்தகத்தை மூடி, பக்கத்து நாற்காலியில் வைத்தார். குளிக்க வந்த கூட்டம்தான் முதலில் சிரித்தது.

லிங்கேஸ்வரன் மேடைக்கு ஓடினார். தான் சொன்னது வேறு, சொல்ல வந்தது வேறு என்று விளக்க வேண்டும் அவருக்கு. நான் எல்லாப் பொத்தானையும் இறக்கினேன். அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். வாய் திறந்து திறந்து மூடியது. கழுத்து நரம்பு புடைத்தது. அதிகாரி காதில் கை வைத்துக் காட்டினார். அதை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

மஞ்சு பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே நேராக நடந்து மேடைக்கு முன்னால் போய் நின்றாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை. மழையைத் தாண்டி, கடைசி வரிசையையும் தாண்டி, மைக்செட் அறையில் இருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கணீரென்று கேட்டது.

"சார், உங்க குரல் வரலை. நேரமாயிட்டுது. நாங்க அடுத்தவங்களைப் பாத்துக்கறோம்."